மாதவராஜ் தோட்டத்துக் காய்

பாப்பாரப்பட்டிக் கடைத்தெருவில் புதிதாகக் கட்டியிருந்த பேனரை, யாரோ கட்சிக்காரரின் பிறந்தநாள் பேனர் என்று நினைத்துத்தான் சோபனா முதலில் தாண்டிப் போனாள். சொட்டுநீர்க் குழாய்க்கு மூடி வாங்க வந்திருந்தாள். சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிச் செருப்பில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. மூடியை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பும்போதுதான் அந்தப் படத்தின் பச்சை கண்ணில் பட்டது. கயிற்றைப் பற்றிக்கொண்டு வரிசை வரிசையாக மேலேறி நிற்கும் வெள்ளரிக்கொடிகள். நடுவில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் மாதவராஜ், இரண்டு கையிலும் காயை ஏந்திக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி. மேலே கொட்டை எழுத்தில் 'மாதவராஜ் தோட்டத்துக் காய்' என்று போட்டிருந்தது. கீழே கொஞ்சம் சின்னதாக, 'எங்கள் மண், எங்கள் உழைப்பு'.

பேனருக்குப் பின்னால் மாதவராஜின் காய்கறிக் கடை. கடை அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். அவள் பறித்துக் கொடுக்கும் காய்தான் தினமும் அங்கே போகிறது. தெரியாதது இந்தப் படம்.

கிட்டே போய்ப் பார்த்தாள். அவளுடைய பசுமைக்குடிலின் கூரைச் சீட்டு போன வருசத்துக் கோடைக் காற்றில் கிழிந்தபோது அவளே ஏணி வைத்து ஏறி ஒட்டிய வெள்ளைப் பட்டை அப்படியே தெரிந்தது. ஓரத்துக் கம்பியில், வேலை செய்யும்போது புடவைக்கு மேல் போட்டுக்கொள்கிற நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சட்டை இருந்தது. அவள் இல்லை.

கோபம் அவளுக்கு முதலில் காதில்தான் வரும். காது இரண்டும் சூடேறி, தெருச் சத்தம் எல்லாம் எங்கோ தள்ளிக் கேட்கும். அப்படித்தான் இருந்தது. கடைக்குள் ஒரு பெண் வெள்ளரிக்காயை ஒடித்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, சின்னவர் மாதவராஜ் தோட்டத்துக் காய் என்றால் கேட்கவே வேண்டாம் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். சோபனா அதையும் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அத்திக்கொட்டாயில் இறங்கும்வரை உட்காரவில்லை, இடம் இருந்தும்.

அத்திக்கொட்டாய் ஏரிக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. காலனிக்கும் ஏரிக்கும் நடுவில் கிடந்த மேட்டுக் காட்டை சோபனாவின் மாமனார் பச்சியப்பன் வாங்கியது, பெங்களூரில் வருசக்கணக்காகக் கட்டட வேலை செய்து. அதற்கு முன்னால் அவர் மாதவராஜின் அப்பாவிடம் பண்ணையத்தில் ஆளாக இருந்தார். ஏரிப் பக்கம் போக மற்ற மூன்று பக்கமும் மாதவராஜின் நிலம். மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் எருக்கு என்று கிடந்த அந்த இடத்தில்தான் சோபனா பசுமைக்குடில் போட்டாள்.

அவள் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாக் கம்பெனியில் வேலை பார்த்தவள். புருசன் சின்னராஜைப் பார்த்ததும் அங்கேதான். அவன் பூப்பெட்டி ஏற்றுகிற வேலையில் இருந்தான். அடுத்தவன் குடிலில் வேகிறதை நம் குடிலில் வேகலாமே என்று சொல்லிச் சொல்லி அவனை ஊருக்குத் திருப்பிக் கூட்டி வந்தவள் அவள். மானியத்துக்கு அலைந்தது, இரும்புக் குழாய் நட ஆள் பிடித்தது, சீட்டை இழுத்துக் கட்டியது எல்லாவற்றிலும் அவள் கை இருந்தது. பிளாஸ்டிக் வூட்டில் யார் குடியேறப் போகிறார்கள் என்று ஊரில் சிரித்தார்கள்.

உள்ளே வேலை லேசானதில்லை. காலை எட்டு மணிக்கே வேர்வை முதுகில் வழியும். ஒவ்வொரு கொடியையும் கயிற்றில் சுற்றிவிட வேண்டும், பக்கக் கிளையைக் கிள்ள வேண்டும், இலைக்கு அடியில் வெள்ளை ஈ உட்கார்ந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பூச்சியும் நோயும் வரக்கூடாது என்பதற்காக இரண்டு கதவு வைத்திருந்தாள். செருப்பை முதல் கதவிலேயே விட்டுவிட்டு, மருந்து கலந்த தண்ணீரில் கால் நனைத்துத்தான் யாரும் உள்ளே வரவேண்டும். மாமியார் கண்ணம்மாளுக்கே அதில் சலுகை கிடையாது.

முதல் வருசம் அவளே பாப்பாரப்பட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றாள். விதையில்லாத காய், தோல் சீவ வேண்டாம், கடித்தால் தண்ணீராக இருக்கும். ஒரே வாரத்தில் பேர் பரவியது. அடுத்த வாரம் யாரோ ஒருத்தி எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னாள். ஊரிலா, காலனியிலா என்று கேட்டாள். அதையும் சொன்னாள். அந்தப் பெண் கையில் எடுத்த காயைத் திரும்பக் குவியலில் வைத்துவிட்டு, சுற்றிவிட்டு வருகிறேன் என்று போனாள். அதற்கடுத்த வாரம் நிறையப் பேர் சுற்றிவிட்டு வருவதாகச் சொன்னார்கள். ஒருத்தரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. காய் மட்டும் மூட்டையோடு திரும்பி வந்தது.

அப்போதுதான் மாதவராஜ் முழுக் காயையும் தன் கடைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். சோபனாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கொடியில் காய் காத்திருக்காதே. ஒத்துக்கொண்டாள். விற்பவன் அவன், விளைவிப்பவள் நான் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்குள் நுழையும்போது சின்னராஜ் களியும் கருவாட்டுக் குழம்புமாக உட்கார்ந்திருந்தான். காயைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவன் அவன். தினமும் காலையில் அந்தப் பேனருக்கு அடியில்தான் வண்டியை நிறுத்துகிறான். வழி நெடுக அதுதான் அவளைத் தின்றுகொண்டு வந்தது.

"அந்தாளு நம்ம குடிலுக்குள்ள எப்ப வந்தாரு?"

சின்னராஜ் உருட்டிய களியைக் குழம்பில் தோய்க்காமல் கையிலேயே வைத்திருந்தான். "நீ உங்கக்கா மவ சடங்குக்குப் போனியே, அன்னிக்கு. போட்டோக்காரன கூட்டிக்கிட்டு வந்தாரு. சும்மா ஒரு வெளம்பரத்துக்குன்னாரு."

"செருப்போட வந்தாரா?"

அவன் களியைக் குழம்பில் தோய்த்தான்.

"கேக்கறேன்ல. செருப்போடவா?"

"ஆமா. அவர்கிட்ட எப்பிடி கழட்டச் சொல்றது?"

"நீங்க எங்க நின்னீங்க?"

"வெளிய."

"நம்ம குடிலுக்குள்ள அவரு. நீங்க வெளிய," என்றாள் சோபனா. "எங்கள் உழைப்புன்னு போட்டிருக்குது. படிச்சீங்களா?"

அவன் தட்டைத் தள்ளினான். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "படிச்சேன். தெனமும்தான் படிக்கறேன். என்னா பண்ணச் சொல்ற? மொத வருசம் சந்தையில மூட்டைய திருப்பித் தூக்கிட்டு வந்தது நானு. உன் பேரச் சொன்னா போவாத காயி அவரு பேரச் சொன்னா போவுது. போவட்டுமே. காயி வெலைக்குப் போறது முக்கியமா, பேரு முக்கியமா?"

"ரெண்டும் என்துதான. எதுக்கு ஒண்ண வுட்டுத்தரணும்?"

கண்ணம்மாள் நடுவில் புகுந்து, சாப்பிடுகிற நேரத்தில் என்ன பேச்சு என்று மகன் பக்கம் தட்டை நகர்த்தி வைத்தாள். வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்த பச்சியப்பன் தலையைத் தூக்காமலே, விடும்மா என்றார். அவர்கள் தடத்தில்தான் போகிறோம், அவர்கள் முகத்தில்தான் விழிக்கிறோம், ஒரு படத்துக்காக எதற்கு என்றார். சோபனாவுக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் ராத்திரியோடு போயிருக்கும்.

மறுநாள் காலையில் பெட்டி எதுவும் கடைக்குப் போகாது என்று சொல்லிவிட்டாள். வெள்ளரி ஒருநாள் பொறுக்கும். இரண்டாம் நாள் பருக்கும். அதற்கு மேல் விட்டால் வயிறு மஞ்சளாகி, கொடியின் சத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு, மேலே வரும் பிஞ்சைக் கருக்கிவிடும். பறித்துத்தான் ஆகவேண்டும். பறித்துக் காலனியில் வீடு வீடாகக் கொடுத்தாள். அந்த வாரம் காலனி முழுக்க வெள்ளரிக்காய்க் கூட்டு, வெள்ளரிக்காய் போட்ட மோர், வெள்ளரிக்காய் தின்று வயிறு போன பிள்ளைகள். ஆடுகள்கூட ஒரு கட்டத்துக்கு மேல் முகர்ந்துவிட்டு நகர்ந்தன. சின்னராஜ் பெட்டிகளைக் காலியாகப் பார்க்க முடியாமல் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

இரண்டாம் நாள் மாதவராஜே வந்தான். புல்லட் சத்தம் தடத்தில் தூரத்திலேயே கேட்டது. சோபனா முதல் கதவைச் சாத்தி அதற்கு முன்னால் நின்றுகொண்டாள். அவனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவன், கல்யாணம் காட்சிக்குக் காலனிக்கும் வந்து மொய் வைத்துவிட்டுப் போகிறவன் என்று நல்ல பேர் உண்டு. கதவைத் திறந்து உள்ளே போகப் பார்த்தான்.

"செருப்ப கழட்டிட்டு வாங்க," என்றாள்.

அவன் ஒரு நிமிசம் அவளைப் பார்த்தான். பிறகு கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியிலேயே நின்றான். "என்னாம்மா, காயி வரலியே. கடைக்கு வர்றவங்க கேக்கறாங்க. நோவு கீவு வந்துருச்சா?"

"நோவு இல்லீங்க. பேனரு பாத்தேன்."

"ஓ, அதுவா. நல்லா வந்திருக்குதில்ல?"

"என் குடிலு அது."

"யாரு இல்லைன்னது? உன்துதான்." அவன் சிரித்தான். "நாம ஒருத்தருக்கொருத்தர் இருக்கறவங்கம்மா. சனங்க மனசு உனக்குத் தெரியாதா? உன் பேரு போட்டா வாங்குவாங்களா? எனக்கு அதெல்லாம் கெடையாது. உன் கையால தண்ணி வாங்கிக் குடிப்பேன். ஆனா யாவாரம்னு ஒண்ணு இருக்குதில்ல. உன் நல்லதுக்குத்தான் என் பேர குடுத்திருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவளுக்குக் காது அடைத்தது. பேரைக் கொடுத்திருக்கிறானாம். எடுத்தவன் கொடுத்ததாகச் சொல்கிறான்.

"பேனர கழட்டுங்க. இல்லாட்டி என் பேர போட்டு, நான் நிக்கற படத்த போடுங்க. அப்பறம் காயி வரும்."

"அது நடக்காதும்மா."

"அப்ப காயி வராதுங்க."

மாதவராஜ் கோபப்படவில்லை. சுற்றிலும் பார்த்தான். வரப்போரம் மண்வெட்டியோடு நின்ற பச்சியப்பனைப் பார்த்தான். தன்னைவிட முப்பது வயது மூத்தவரைப் பேர் சொல்லியே கூப்பிட்டான். "பச்சியப்பா, ரோட்டுலருந்து இங்க வர்ற இந்தத் தடம் யாரு பட்டாவுல இருக்குதுன்னு உனக்குத் தெரியுமில்ல? அப்பா காலத்துலருந்து வுட்டு வெச்சிருக்குது. இந்த வாட்டி அதையும் சேத்து ஓட்டி குச்சிக்கெழங்கு நடலாமான்னு பாக்கறேன். மருமவளுக்குச் சொல்லு."

"சரிங்க சின்னவரே," என்றார் பச்சியப்பன்.

புல்லட் போன பிறகு சோபனா மாமனாரைப் பார்த்தாள். மாதவராஜ் மேல் வந்த கோபத்தைவிட அந்த 'சரிங்க' மேல் வந்த கோபம் பெரியதாக இருந்தது.  குடிலுக்குள் போய், வெறி பிடித்தவள் மாதிரி, சாயங்காலம்வரை பக்கக் கிளை கிள்ளினாள். விரல் நுனி எல்லாம் பச்சைக் கறை ஏறிக் கசந்தது.

அப்போது அவன் பேனரைக் கழற்றியிருந்தாலே அவள் அடங்கியிருப்பாள். அந்த வாரக் கடைசியில் சின்னராஜ் பாப்பாரப்பட்டிக்குப் போய் வந்தவன், முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு சேதி சொன்னான். மாதவராஜ் எங்கிருந்தோ லாரியில் வெள்ளரிக்காய் இறக்கியிருக்கிறான். முற்றிய காய், தோல் தடித்தது. அதே பேனருக்கு அடியில், அதே பேரைச் சொல்லி விற்கிறான். சனங்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த வாரம் காய் கொஞ்சம் கசக்கிறது, தோட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்களாம்.

"என் தோட்டத்துல என்னா ஆச்சுன்னு கேக்கறாங்களா?" என்றாள் சோபனா. 

சந்தை நாள் காலையில் பறித்த காயை இரண்டு பெட்டியில் அடுக்கி, எக்செல் வண்டியில் கட்டி, தானே ஓட்டிக்கொண்டு போனாள். காய் வெட்டுகிற கத்தரி இடுப்பில் செருகியபடியே இருந்தது. போகும் வழியில் அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் திட்டம் ஒன்றும் இல்லை. கடைத்தெரு கூட்டமாக இருந்தது. மாம்பழ வண்டிகள் வந்திருந்தன. டீக்கடையில் எண்ணெய் கொதித்தது. மாதவராஜின் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டாள். பேனர் இரண்டு சவுக்குக் கம்பில், ஆள் உயரத்தில், கைக்கு எட்டுகிற மாதிரிதான் கட்டியிருந்தது.

முதலில் அந்தச் சிரிப்பில்தான் கத்தரியை வைத்தாள். வைத்தவள் எடுத்துவிட்டாள். அவன் அவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று தோன்றியது. தோள் ஓரமாக ஆரம்பித்தாள். ஃபிளெக்ஸ் கிழிகிற சத்தம் தெருவில் நன்றாகவே கேட்டது. கொடிகளை அறுத்தாள். ஒட்டுப் போட்ட கூரையை அறுத்தாள். நீலச் சட்டையை அறுத்தாள். அவனைச் சுற்றி வளைத்து, வேட்டி ஓரம்வரை கவனமாக, புடவைக்கு ஓரம் வெட்டுகிற மாதிரி வெட்டினாள். டீக்கடையில் ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். அவள் முடித்தபோது மாதவராஜ் காயை ஏந்திக்கொண்டு அந்தரத்தில் நின்றான். அவனுக்குப் பின்னால் கடையின் துருப்பிடித்த ஷட்டர் தெரிந்தது.

அறுத்து எடுத்த ஃபிளெக்ஸை எதிர்ப்பக்கம் ரோட்டோரத்தில் விரித்து, படம் மேலே தெரிகிற மாதிரி போட்டு, அதன் மேல் காயைக் கொட்டினாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.  கத்தரியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாதவராஜ் கடையிலிருந்து வெளியே வந்தான். பேனரைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். ரோட்டைக் கடந்து வந்து, யாருக்கும் கேட்காத குரலில், இது நல்லாயில்லை சோபனா என்றான்.

அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள். "போலீசுக்குப் போங்க. பேனர அறுத்துட்டாள்னு எழுதிக் குடுங்க. படத்துல இருக்கற எடம் யாருதுன்னு கேப்பாங்க. அதையும் எழுதிக் குடுங்க."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. திரும்பிக் கடைக்குள் போய்விட்டான்.

காசியம்மாள் என்று ஒரு பெண், பெரிய உடம்பு, கையில் துணிப்பை, அவன் கடைக்கு வாரம் தவறாமல் வருகிறவள், விரித்த காய்க்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு காயை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"இதாம்மா அந்தக் காயி. எங்க வூட்டுக்காரருக்கு சக்கர. இதத்தான் தெனமும் தர்றேன். இந்த வாரம் அங்க வாங்குனது வாயில வெக்க முடியல. நீ யாரு?"

"அத்திக்கொட்டாய். காலனி. பச்சியப்பன் மருமவ," என்றாள் சோபனா. "ரெண்டு வருசமா நீங்க சாப்புடறது என் காயிதான்."

காசியம்மாள் கையிலிருந்த காயைப் பார்த்தாள். சோபனா அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்கள் மெதுவாகத் தளர்ந்தன. காய் குவியலில் விழவில்லை, வைக்கப்பட்டது, பத்திரமாக, முட்டையை வைக்கிற மாதிரி.

"தெரியாம சாப்புட்டது தெரியாம போச்சு," என்றாள் காசியம்மாள். குரலில் வெறுப்பு இல்லை, சங்கடம்தான் இருந்தது. "எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா ஆவாது. கோச்சுக்காத."

"கோச்சுக்குவேன்," என்றாள் சோபனா. "ரெண்டு வருசம் இனிச்சுது. இப்ப எப்பிடி கசக்கும்? நான் கோச்சுக்காம யாரு கோச்சுக்கறது?"

காசியம்மாளுக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ரோட்டைக் கடந்து நேராக மாதவராஜின் கடைக்குள் போய், இல்லாத தோட்டத்தை இருக்கிறதாகச் சொல்லி எப்படி விற்றாய், எங்களை என்னவென்று நினைத்தாய் என்று சத்தம் போட்டாள். இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சோபனாவுக்காக அவர்கள் பேசவில்லை. தங்களுக்கு ஆன ஏமாற்றத்துக்காகப் பேசினார்கள். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாங்கியவர்களும் இருந்தார்கள். பேரூராட்சியில் குப்பை அள்ளும் பெண்கள் வந்தார்கள். தர்மபுரி பஸ்ஸின் கண்டக்டர் ஒரு கிலோ வாங்கி, அங்கேயே ஒன்றைக் கடித்துத் தின்றுவிட்டு விசில் ஊதினார். கல்லூரிக்குப் போகிற ஐந்தாறு பெண்கள் உப்பு மிளகாய்ப் பொடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லாமலே வாங்கிப் போனார்கள். மெஸ் வைத்திருக்கும் குப்புராஜ் மட்டும் கூட்டம் குறைந்த பிறகு வந்து, காய் தினமும் வேண்டும், சாயங்காலமாகப் பின்பக்கத்துச் சந்து வழியாகக் கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று கேட்டான். முன்பக்கம் வந்து தருவதாக இருந்தால் தருகிறேன் என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். யோசித்துச் சொல்வதாகப் போனான்.

கொண்டுபோனதில் பாதிக்குக் கொஞ்சம் கூடவே விற்றிருந்தது. மீதியைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு, ஃபிளெக்ஸை மடித்து வண்டியில் வைத்துக் கட்டினாள். வரும்போது எதிர்க்காற்று அடித்தது. ஏரிக்கு மேலே கோடை மழை கறுத்துக்கொண்டிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பசி எடுத்தது.

அன்று சாயங்காலம் மழை நன்றாகப் பெய்தது. மறுநாள் காலைப் பறிப்பு முடிகிற நேரத்தில், மண் ஈரத்தில், டிராக்டர் சத்தம் கேட்டது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது தடத்தில் பாதி போயிருந்தது. தார் ரோட்டிலிருந்து குடில்வரை வந்த வண்டித்தடத்தை, அதற்கு இரண்டு பக்கமும் இருந்த காட்டோடு சேர்த்து, ஐந்து கலப்பை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான் டிராக்டர்காரன். எத்தனையோ வருசம் மாடும் வண்டியும் ஆளும் மிதித்து இறுகிய மண் பாளம் பாளமாகப் புரண்டு கிடந்தது. மாதவராஜ் நடுக்காட்டில் நின்று, இன்னும் இந்தப் பக்கம், இன்னும் இந்தப் பக்கம் என்று கை காட்டிக்கொண்டிருந்தான். குடில் வாசலை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

குடிலுக்குள், மறுபடி பாப்பாரப்பட்டியில் விரிப்பதற்காக அன்றைக்குப் பறித்த காய் ஆறு பெட்டி இருந்தது. ஏரிக்கரை மேல் சுற்றிக்கொண்டு போகலாம். வண்டி போகாது, ஆள் போகலாம், முள்ளும் சேறும்.  சின்னராஜ் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தான்.

"எங்க போறீங்க?" என்றாள் சோபனா.

"அவர்கிட்ட. கால்ல வுழுந்தாவது கேட்டுட்டு வர்றேன். மொத்த நெலத்தையும் சுத்தி அடைச்சுப்புட்டா என்னா பண்றது?"

"போங்க. போயி வுழுங்க. எழுந்திரிச்சு இந்தக் குடிலுக்கு வராதீங்க. அங்கியே கெடங்க."

"நீ பண்ணதுக்குத்தான இதெல்லாம்."

"ஆமா, நான் பண்ணதுக்குத்தான். அவரு பண்ணதுக்கு யாரும் ஒண்ணும் பண்ணலியே. நீங்க பண்ணீங்களா? மாமா பண்ணாரா?" அவள் குரல் உடைந்தது. உடைந்ததில் இன்னும் கோபம் வந்தது. "சரிங்க, சரிங்கன்னு எத்தனை காலத்துக்கு? சொல்லுங்க மாமா. உங்ககிட்டத்தான் கேக்கறேன்."

மாமனாரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. கண்ணம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பச்சியப்பன் குடிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புரண்டு கிடந்த மண்ணையே பார்த்தார். அந்தத் தடத்துக்குக் கல் பொறுக்கிப் போட்டவர்களில் அவரும் ஒருவர். அப்போது அவர் அந்தப் பண்ணையத்தில் இருந்தார். மாதவராஜ் பிறந்திருக்கவில்லை.

பச்சியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். ஒரு பெட்டியைக் காட்டி, தூக்கி வை என்று மகனிடம் சைகை காட்டினார். அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது என்பது சின்னராஜுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. தூக்கி வைத்துவிட்டான்.

பச்சியப்பன் ஏரிக்கரைப் பக்கம் திரும்பவில்லை. நேராக உழுத காட்டுக்குள் இறங்கினார். தடம் இருந்த இடம் அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. ஈரமண் கணுக்கால்வரை வாங்கியது. பெட்டி ஒருபக்கம் சாய்ந்து, நேராகி, மறுபடி சாய்ந்தது. சோபனா இன்னொரு பெட்டியைத் தானே தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் இறங்கினாள். அவர் கால் பதித்த பள்ளத்திலேயே காலை வைத்து நடந்தாள்.

டிராக்டர்காரன் வண்டியை நிறுத்திவிட்டான். மாதவராஜ் திரும்பிப் பார்த்தான். அவன் நின்றிருந்ததும் தடம் போன கோட்டில்தான்.

"பச்சியப்பா, எங்க வர்ற? ஓட்டுன காட்ட மிதிக்காத. ஏரிக்கர மேல சுத்திக்கிட்டுப் போ."

பச்சியப்பன் நடையை நிறுத்தவில்லை. நெருங்கிக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்குவது பின்னால் வந்த சோபனாவுக்குக் கேட்டது. பத்தடி தூரத்தில் மாதவராஜ் மறுபடி, இந்தத் தடவை குரலை உயர்த்தி, உன்னத்தான் சொல்றேன் என்றான்.

"ஓரமா நில்லு மாதவராஜு," என்றார் பச்சியப்பன். "பாரம் இருக்குது."

சத்தமாகச் சொல்லவில்லை. மாட்டையோ வண்டியையோ விலகச் சொல்கிற சாதாரணக் குரல். சோபனாவுக்கே முதலில் அது காதில் ஏறவில்லை. டிராக்டர்காரன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். மாதவராஜின் முகத்தில் இரத்தம் ஏறுவதைச் சோபனா பார்த்தாள். அவன் கை ஒருமுறை மேலே வந்தது. ஆனால் பெட்டி வந்துகொண்டே இருந்தது. கடைசி நொடியில், அவன் மனசு முடிவெடுப்பதற்கு முன்னால், கால் ஒதுங்கிவிட்டது. செருப்பு ஒன்று சேற்றில் சிக்கிக் கழன்றது. பச்சியப்பன் அதைத் தாண்டிப் போனார். சோபனாவும் தாண்டிப் போனாள். அவனிடம் சொல்வதற்கு நாள்கணக்காக மனசில் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. தேவையும் படவில்லை.

தார் ரோட்டில் பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். பச்சியப்பன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரோட்டோரக் கல்லில் உட்காருங்க மாமா என்றாள். அவர் உட்காரவில்லை.

தூரத்தில் மாதவராஜ் ஒற்றைச் செருப்போடு நின்றபடி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான். யாராவது வருவார்கள். இன்று இல்லாவிட்டால் நாளைக்கு வருவார்கள். அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. உழுத காட்டின் அந்தக் கடைசியில், சின்னராஜ் மூன்றாவது பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தான். பிறகு அவனும் இறங்கினான்.

"இன்னும் எத்தினி பெட்டி இருக்குது?" என்று கேட்டார் பச்சியப்பன்.

சோபனா சொன்னாள்.

அவர் சும்மாட்டை மறுபடி சுருட்டிக்கொண்டு, வந்த வழியிலேயே, மாதவராஜ் நின்ற பக்கமாகத் திரும்பி நடந்தார்.